பனியில் எந்தச் சப்பாத்து? ஒஸ்லோ போகும் மருமகனுக்குப் போட்ட கணக்கு

விசா கைக்கு வந்த அன்று மருமகன் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “மாமா, அங்க ஸ்நோவுக்குள்ள நடக்க எந்தச் சப்பாத்து நல்லது? இங்கயே வாங்கலாமா, கொழும்பிலயா, இல்லாட்டிப் போய்ச் சேர்ந்த பிறகா?” என்றுதான் கேட்டான். போனில் நாலு படம் வைத்திருந்தான். முழங்கால் வரை வரும் றப்பர் பூட்ஸ், கோர்டெக்ஸ் என்று எழுதிய மலையேறும் பூட்ஸ், கீழே றப்பரும் மேலே தோலுமாக ஒரு கலப்பு, கடைசியாக ஓட்டக்காரர் போடும் இலேசான சப்பாத்து. ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறது. வகுப்புக்குப் போகவும் அதுதான், சனி ஞாயிறு காட்டுக்குள் நடக்கவும் அதுதான்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம், ஒஸ்லோவில் அக்கா வீட்டில் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவன் நான். கிளிநொச்சியில் இருந்துகொண்டு பனிச் சப்பாத்துக்கு வியாக்கியானம் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். சப்பாத்து, மேசு என்ற இரண்டு சொல்லுமே போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. சொல்லை எடுத்துக்கொண்டு, பொருளைப் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் போடுகிற ஊர் எங்களுடையது.

என்னுடைய முதல் பிழையிலிருந்தே தொடங்குகிறேன். முதல் தடவை போனபோது, வயலுக்குள் மருந்தடிக்கப் போடுகிற றப்பர் பூட்ஸைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். இரணைமடு வாய்க்காலுக்குள்ளேயே தண்ணீர் விடாத பூட்ஸ், பனிக்கு எம்மாத்திரம் என்ற நினைப்பு. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அத்தானோடு மெற்றோவில் ஏறி, கடைசித் தரிப்பான சொங்ஸ்வான் ஏரிக்குப் போய், அங்கிருந்து நூர்மார்க்கா காட்டுக்குள் மேலே ஏறினோம். பருத்தி மேசு இரண்டு சோடி போட்டிருந்தேன். ஏறும்போது கால் நல்ல சூடு. ஓரிடத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். குடித்து முடிக்குமுன் கால் விறைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கழற்றினால் மேசு பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது.

பூட்ஸில் ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து, குளியலறையில் அதற்குள் தண்ணீர் நிரப்பி, கடதாசியின் மேல் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரமும் கசியவில்லை. அத்தான் வாசலில் நின்று சிரித்தார். “உள்ளுக்குள்ள இருந்து வந்த தண்ணிக்கு நீ வெளியில ஓட்டை தேடுறாய்.”

அத்தான் 80களின் கடைசியில் நோர்வேயின் வடக்கு முனையான பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். அந்தக் காலத்தில் அங்கே அந்த வேலைக்குப் போன தமிழர் கனபேர். நாள் முழுக்க ஈரத் தரையில் றப்பர் பூட்ஸோடு நின்ற மனிதர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். இரண்டு பாதத்திலும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஏற்றத்தில் நடக்கும்போது அவை சும்மா இருப்பதில்லை.

ஆகவே சப்பாத்தை ஒப்பிடும்போது கேள்வி இரண்டு. வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே விடாமல் எவ்வளவு தடுக்கிறது? உள்ளே ஊறும் தண்ணீரை எவ்வளவு வெளியே விடுகிறது? இரண்டிலும் முழுப் புள்ளி எடுக்கிற சப்பாத்து உலகத்தில் கிடையாது. எந்தப் புள்ளி முக்கியம் என்பதை அன்றைக்கு விழுந்திருக்கும் பனிதான் முடிவு செய்யும். அதனால் பனி எப்படி உண்டாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருமகன் “விஞ்ஞானம் வேண்டாம் மாமா, விலையைச் சொல்லுங்கோ” என்றான். விடவில்லை.

எங்களுக்குப் பனி என்றால் மார்கழி, தையில் விடியப்புறம் பூவரசம் இலையிலிருந்து சொட்டுவது. தலையில் துவாய் சுற்றாமல் வெளியே போனால் அம்மா திட்டுவாரே, அந்தப் பனி. காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்த இலையில் பட்டுத் தண்ணீராவது அது. அங்கே கொட்டுவது வேறு சாமான். அதிலே நீராவி தண்ணீராகாமல் நேரே ஐஸாகப் படிகிறது. மழைத்துளி உறைந்தால் பனி என்று நான் நினைத்திருந்தேன். அப்படி உறைந்து விழுந்தால் அது சின்னக் கண்ணாடி உருண்டைதான், பூப்போன்ற பனி ஆகாது.

மேகத்துக்குள் இன்னொரு விசித்திரம். சுழியம் பாகைக்குக் கீழே போனவுடன் துளி உறைந்துவிடும் என்று நினைப்போம். சுத்தமான சின்னத் துளி −38 பாகை செல்சியஸ் அளவு வரைக்கும் தண்ணீராகவே மிதக்கும். அதற்கு முன்னே உறைய வேண்டுமானால் ஒரு தொடக்கம் வேண்டும். காய்ச்சிய பாலைச் சும்மா வைத்தால் தயிராகாது, உறை விட வேண்டும் அல்லவா? அந்த உறைதான் இதுவும். களிமண் தூசி அந்த வேலையைச் செய்யும். செடியில் வாழும் சில பக்றீரியாக்களும் செய்யும், அதுவும் −2 பாகை அளவிலேயே. தயிருக்கும் ஐஸுக்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லை வைத்திருப்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு சின்ன ஐஸ் துணுக்கு உண்டாகிவிட்டால், பக்கத்தில் மிதக்கும் துளிகளின் பாடு முடிந்தது. துளிக்கு அளவாக நீராவி இருக்கும் காற்று, ஐஸுக்கு அளவுக்கு மீறியதாக இருக்கும். எனவே ஐஸில் நீராவி படிந்துகொண்டே போகும், துளிகள் ஆவியாகி மெலிந்துகொண்டே போகும். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே வேகனர்தான் 1911இல் இதையும் சொன்னார். பிறகு சுவீடன்காரர் பெர்கெரோன் அதை விரித்தார்.

இதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. வன்னியில் ஐப்பசி இடிமழை பெய்கிறதே, அந்த மேகத்தின் தலை சுழியப் பாகைக் கோட்டுக்கு மிக உயரே போய்விடும். இலங்கைக்கு மேலே அந்தக் கோடு ஏறக்குறைய 5 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. பீதுருதாலகாலை மலையே 2,524 மீற்றர்தான். ஆகவே இடிமழையில் நல்ல பங்கு மேலே ஐஸாகத் தொடங்கி, இறங்கும் வழியில் உருகி, வயலுக்குள் தண்ணீராக விழுகிறது. எப்போதாவது உருக நேரம் போதாமல் தகரத்தில் சடசடவென்று விழுந்தால் ஆலங்கட்டி என்று பொறுக்க ஓடுகிறோம். காலபோகத்துக்கு நாங்கள் காத்திருக்கும் மழையின் ஒரு பங்கு, வானத்தில் பனியாக இருந்ததுதான்.

இனிச் சப்பாத்துக்குத் தேவையான பகுதி. பனிப்பளிங்கின் உருவம் வெப்பநிலையைப் பொறுத்தது. −2 பாகை அளவில் தட்டை, −5 அளவில் ஊசி, −15 அளவில் நாங்கள் வாழ்த்து அட்டையில் பார்க்கும் ஆறு கிளைப் பூ. இதை ஆய்வுகூடத்தில் காட்டியவர் ஜப்பானின் நகாயா. ஹொக்கைடோவில் ஒரு முயல்மயிரின் நுனியில், 1936இல், மனிதன் செய்த முதல் பனிப்பளிங்கை வளர்த்தார். அதற்கும் முன்னே, 1885இல், அமெரிக்காவின் வெர்மொண்டில் பென்ற்லி என்ற விவசாயி நுணுக்குக்காட்டியோடு கமராவைப் பொருத்தி ஒற்றைப் பளிங்கைப் படம் எடுத்திருந்தார். பால்மாடு வைத்திருந்த குடும்பத்துக்காரர், ஆயுள் முழுக்க 5,000க்கு மேல் படம் எடுத்தார். பக்கத்துத் தோட்டக்காரர் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சுழியத்துக்குக் கிட்டவாக இருந்தால் பளிங்குகளில் மெல்லிய ஈரப்படலம் இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டும். பஞ்சுப் பொதி மாதிரிப் பெரிய பெரிய பூவாக விழும். நல்ல குளிராக இருந்தால் ஒட்டாது, அரிசிமாவு மாதிரி விழும். வெளியே இறங்கும்போது ஜக்கெற்றின் கறுப்புக் கையை நீட்டிப் பாருங்கள். விழுந்தது பெரிய பொதியாக இருந்து, உடனே நீர்ப்பொட்டாகப் போனால் அது ஈரப்பனி. தனித்தனித் துணுக்காக நின்று, ஊதினால் பறந்தால் அது உலர்பனி. காலடியில் கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டால் −10 பாகைக்குப் பக்கத்தில் அல்லது கீழே இருக்கிறீர்கள். உருட்டினால் உருண்டையாகப் பிடிபட்டால் சுழியத்துக்குக் கிட்ட நிற்கிறீர்கள். புட்டுக்கு மா குழைக்கிறவர்களுக்கு இந்தப் பதம் பார்ப்பதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

உலர்பனியில் வெளித்தண்ணீர் ஆபத்து மிகக் குறைவு. மணலுக்குள் நடப்பது போலத்தான், தட்டினால் போய்விடும். அங்கே எதிரி வியர்வை. ஈரப்பனியில் கதை மாறும், அங்கே வெளியிலிருந்துதான் வருகிறது. புதிதாக விழுந்த சாதாரணப் பனி 10 சென்ரிமீற்றர் உருகினால் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் தண்ணீர். ஈரப்பனி என்றால் அதே தண்ணீருக்கு 5 சென்ரிமீற்றர் பனியே போதும்.

நனைந்தால்தான் என்ன, களை பிடுங்கும்போது முழு நாளும் சேற்றுக்குள் நிற்கிறோமே என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. எங்கள் சேறு 27, 28 பாகை. மிஞ்சினால் சேற்றுப்புண் வரும், எலிக்காய்ச்சலுக்குப் பயந்து சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் குளிசையைப் போடவேண்டி வரும். அங்கே தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒரு கிராம் ஐஸை உருக்குவதற்கு மட்டும், ஒரு கிராம் தண்ணீரைச் சுழியத்திலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கும் சூடு போகும். அந்தச் சூட்டைக் கொடுப்பது உன் கால். உறையாமலே, ஈரமும் குளிருமாக மணிக்கணக்கில் நின்றாலே பாதம் பழுதாகும். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் நின்ற படையினருக்கு அப்படித்தான் ஆயிரக்கணக்கில் கால் அழுகியது.

சரி, இப்போது படங்களுக்கு வருவோம்.

றப்பர் பூட்ஸை நான் முழுதாக வெறுக்கவில்லை. சுழியத்தில் நிற்கும் சதசதப்பான பனிச்சேற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது, விலையும் குறைவு. நொக்கியா என்ற பெயர் போனுக்கு வருவதற்கு முன்னே பின்லாந்தில் றப்பர் பூட்ஸில்தான் இருந்தது என்றால், அந்தப் பக்கத்து மக்கள் அதை எவ்வளவு நம்பினார்கள் என்று பாருங்கள். ஆனால் ஒரு சொட்டும் உள்ளே வராது என்றால் ஒரு சொட்டும் வெளியே போகாது என்றும் அர்த்தம். அரை மணித்தியாலம் பேருந்துக்கு நடக்கலாம். மூன்று மணித்தியாலம் மலை ஏறினால் என் கதைதான். அதோடு மெல்லிய றப்பருக்குக் குளிர் தாங்காது, பிடிப்பும் மோசம். உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறையோடு வருவது இருக்கிறது, அது வேறு வகை, அதற்கு வருகிறேன்.

கோர்டெக்ஸ் என்றால் என்னவோ மந்திரம் என்று எங்கள் பொடியள் நினைக்கிறார்கள். 1969இல் பொப் கோர் என்பவர் ரெஃப்லோன் வகைப் பிளாஸ்ரிக் தண்டொன்றைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தார். அது அறுந்து போகாமல், கோடிக்கணக்கான நுண்துளையோடு நீண்டது. அதை மெல்லிய சவ்வாக்கிச் சப்பாத்துக்குள் வைப்பதுதான் கோர்டெக்ஸ். தண்ணீர்த்துளி அந்தத் துளைக்குள் புகமுடியாத அளவு பெரிது, நீராவி புகும் அளவு சிறிது. காகிதத்தில் இதுதான் இரண்டு கேள்விக்கும் விடை. நடைமுறையில் மூன்று இடத்தில் தடுக்கும். ஒன்று, வெளித்துணி அல்லது தோல் ஊறிப்போனால் ஆவி வெளியே போக வழி அடைபடும். அதனால் மேலே நீர் ஒட்டாத பூச்சை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். இரண்டு, கணுக்காலுக்கு மேலால் பனி உள்ளே விழுந்து உருகினால், அதே சவ்வு அந்தத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று, கடும் குளிரில் ஆவி வெளித்தோலைத் தாண்டுமுன்னே அதற்குள்ளேயே குளிர்ந்து உறைந்துவிடும்.

மருமகன் கொழும்பில் ஒரு கடையில் இந்த வகை பூட்ஸைப் போட்டுப் பார்த்து “உள்ள அவியுது மாமா, பொய்ச் சாமான்” என்று முடிவெடுத்திருந்தான். பொய் இல்லை. ஆவி வெளியே போக, வெளிக்காற்று உள்ளிருப்பதைவிட நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கொழும்பின் புழுக்கத்தில் எந்தச் சவ்வும் அவியத்தான் செய்யும். அந்தச் சாமானைப் பரீட்சிக்க இலங்கை சரியான இடம் அல்ல.

மூன்றாவது, கீழே றப்பர், மேலே தோல். இதன் கதை எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பீன் என்பவர் வேட்டைக்குப் போய்க் கால் நனைந்து திரும்பினார். வேலைக்காரர் போடும் றப்பர் அடிச்சப்பாத்தோடு தோல் மேற்பகுதியைத் தைக்கச் சொன்னார். 1912இல் முதல் 100 சோடி விற்றார். அதில் 90 சோடி தையல் பிரிந்து திரும்பி வந்தது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி, திருத்திச் செய்தார். யோசனை நல்லது. பனிச்சேற்றில் நிற்கும் பகுதி றப்பர், வியர்வை ஏறிப் போகும் பகுதி தோல். பிறகு உள்ளே கழற்றி எடுக்கும் தடித்த கம்பளி உறையும் சேர்ந்தது. இரவில் அதை உருவி ஹீற்றருக்குப் பக்கத்தில் காயவைக்கலாம் என்பதுதான் அதன் முழு விசேஷமும்.

ஆனால் இதிலும் வியர்வை ஏமாற்றும். 1950 கடைசியில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்த சண்டையில் அமெரிக்கப் படையினர் போட்டிருந்தது இந்த இனத்து பூட்ஸ்தான். மலை ஏறும்போது கால் வியர்த்தது, காவலுக்கு நின்றபோது அந்த வியர்வை உறைந்தது. பனிக்கடியால் விழுந்தவர் ஏராளம். அதற்குப் பிறகு பரவலானது, இரண்டு றப்பர் சுவருக்கு நடுவே கம்பளியை அடைத்து மூடிய பெரிய பூட்ஸ். கால் வியர்க்கட்டும், நனையட்டும், சூட்டைக் காக்கும் கம்பளிக்கு மட்டும் ஈரம் போகக்கூடாது என்பது அதன் ஞாயம். அதைத் தயாரித்தவர்களில் பாட்டாவும் ஒன்று. பாட்டா என்றால் றப்பர்ச் செருப்பு என்று மட்டும் தெரிந்த எங்களுக்கு இது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கலாம்.

நாலாவது, ஓட்டக்காரரின் இலேசுச் சப்பாத்து. இதற்கும் ஆதரவாளர் இருக்கிறார்கள். நனைந்தால் நனையட்டும், சீக்கிரம் காயும், தண்ணீர் விடாத மேசை உள்ளே போட்டுக்கொள் என்பார்கள். நிற்காமல் ஓடுகிறவனுக்குச் சரி. பேருந்துத் தரிப்பில் நிற்கிற மாணவனுக்கு வேண்டாம்.

படத்தில் இல்லாத ஒன்று, சவ்வு இல்லாமல் முழுத்தோல் பூட்ஸுக்கு மெழுகு பூசிப் போடுவது. பழைய நோர்வேக்காரர் இன்னும் அதைத்தான் போடுகிறார்கள், உலர்பனிக்கு அருமையானது. ஆனால் மெழுகு பூச, மெதுவாகக் காயவைக்கப் பொறுமை வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும். மருமகனின் பொறுமை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் சொன்னாலும், சப்பாத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதி மேசுக்குப் போகவேண்டும் என்பது என் கட்சி. பருத்தி நனைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு குளிரைப் பிடித்து வைத்திருக்கும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 வீதம் ஈரத்தைக் குடித்த பிறகும் ஈரம் என்று காலுக்குத் தெரியாது. நோர்வேயின் வடக்கே வாழும் சாமி என்ற பழங்குடி மக்கள் கலைமான் தோல் சப்பாத்துக்குள் மேசு போடாமல், உலர்த்தி அடித்து மென்மையாக்கிய கோரை வகைப் புல்லை அடைத்துப் போட்டார்கள். இரவில் புல்லை எடுத்து விரித்துக் காயவைத்தால் காலையில் புதுச் சப்பாத்து. வைக்கோலை மெத்தைக்கு அடைத்த எங்களுக்கு அது சப்பாத்துக்குள்ளும் போகலாம் என்று தோன்ற இடமே இருக்கவில்லை.

இரண்டு மேசு போடுகிறேன் என்று இறுக்கிப் போட்டால் எல்லாம் வீண். சூட்டைக் காப்பது இடையில் நிற்கும் காற்று. விரலை அசைக்க இடம் இல்லாவிட்டால் இரத்தமும் ஓடாது, காற்றும் நிற்காது. தடித்த கம்பளி மேசைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். சாதாரண அளவைவிட ஒரு எண் கூடத்தான் வரும். கொழும்பில் மெல்லிய மேசோடு அளவு பார்த்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பிழைவிடும் இடம் இது.

கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றிப் போடும் கெயிற்றர் என்ற துணியுறை இருக்கிறது. சப்பாத்தில் செலவழிக்கும் காசோடு பார்த்தால் சில்லறை. ஆழப் பனியில் மேலால் விழும் பனியை அதுதான் மறிக்கும். காலடித் தடம் இல்லாத இடத்தில் நடந்தால் அது இல்லாமல் எந்த பூட்ஸும் தோற்கும். (தடம் என்றதும் நினைவு வருகிறது. நூர்மார்க்காவில் இரண்டு நேர்க்கோடாகப் பதித்திருப்பது பனிச்சறுக்குக்காரரின் தடம். அதில் நடந்து குழப்பியதற்கு ஒரு கிழவியிடம் நான் வாங்கிய பேச்சு, மொழி தெரியாமலே நன்றாக விளங்கியது.)

பொலித்தீன் பை வித்தை ஒன்றும் உண்டு. மெல்லிய மேசு, அதற்கு மேல் பாண் வரும் பை, அதற்கு மேல் தடித்த கம்பளி. கால் பைக்குள் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் கம்பளி காய்ந்தபடி இருக்கும். அந்தப் படையினரின் பெரிய பூட்ஸின் அதே ஞாயம், செலவில்லாமல். −15க்குக் கீழே நெடுநேரம் நிற்க வேண்டி வந்தால் செய்து பார்க்கலாம். நாள்தோறும் செய்தால் தோல் வெளிறி ஊறி, சேற்றுப்புண்ணை நோர்வேயிலும் பார்க்கலாம்.

நகரத்து வீதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீதிக்கு உப்புப் போடுவார்கள். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். உப்புக் கரைந்த தண்ணீர் சுழியத்துக்குக் கீழேயும் உறையாது. ஆகவே காட்டில் −5இல் உலர்பனி கிடக்கும் அதே நாளில், வீதிக்கரையில் −5இல் குளிர்ந்த உப்புச்சேறு கிடக்கும். அது பனியைவிடக் கெட்டது. தோலில் வெள்ளைக் கோடு விழும், கழுவாமல் விட்டால் தோல் வெடிக்கும்.

ஊரைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். வின்னிபெக் போகிறவன் என்றால், அங்கே தை மாதச் சராசரி −16 பாகை அளவு, யோசிக்காமல் கம்பளி உறையோடு றப்பர்–தோல் கலப்பை வாங்கச் சொல்வேன். வன்கூவர் என்றால் குளிர்காலமே மழைதான், நல்ல றப்பர் பூட்ஸ் போதும். ரொறன்ரோவுக்கு உப்புச்சேற்றை நினைத்து வாங்க வேண்டும். ஒஸ்லோ இடைப்பட்டது. தை மாதத்தில் சராசரி −2 பாகைப் பக்கம், ஒரு கிழமை −12, அடுத்த கிழமை சுழியத்துக்கு மேலே, எல்லாப் பனியும் ஒரே மாதத்தில் காலுக்குக் கீழே வரும். அங்கே ஒரே சோடி என்றால் நான் சவ்வு வைத்த, கணுக்காலுக்கு மேலே வரும் மலையேறும் பூட்ஸ் பக்கம். கலப்பு பூட்ஸ் நிற்கிறவனுக்கு அதைவிடச் சூடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வகுப்பில் மூன்று மணித்தியாலம் இருந்தால், திரும்பி வரும் வழியில் என் முதல் சனிக்கிழமை அவனுக்கும் வரும். ஏறுமுன்னே ஒரு உடுப்பைக் கழற்றி, வியர்க்காமல் மெதுவாக நடந்தால் சவ்வு பூட்ஸ் −10 வரைக்கும் தாங்கும் என்பது என் இரண்டாவது குளிர்காலத்து அனுபவம். அதற்குக் கீழே போனால் நடந்துகொண்டே இருக்க வேண்டும், தேத்தண்ணியை நின்றபடி குடிக்க வேண்டும்.

வாங்குவது அங்கே போய்த்தான். பாவித்த சாமானும் மலிவாகக் கிடைக்கும், அத்தானிடம் சொன்னால் தேடித் தருவார். ஆனால் சவ்வு வைத்த பூட்ஸைப் பழையதாக வாங்குவது சூதாட்டம், மடியும் இடத்தில் உள்ளே பிய்ந்திருந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பூட்ஸ் புதிது, கம்பளி மேசு மூன்று சோடி புதிது, கெயிற்றர் பழையது. வழுக்குகிற நாளுக்கு அடியில் மாட்டும் முள், புரொடர் என்பார்கள், அதுவும் பழையது போதும். ஓகஸ்டில் போகிறான், பனி விழ மாதங்கள் இருக்கின்றன, அவசரமே இல்லை.

“அப்ப இங்க இருந்து காலுக்கு ஒண்டும் கொண்டுபோகத் தேவையில்லையோ?” என்று தங்கை கேட்டாள். பெட்டியில் இருபது கிலோ மிளகாய்த்தூளுக்கும் மாவுக்கும் இடம் கிடைக்கும் என்ற சந்தோசம் முகத்தில். ஒன்று மட்டும் வை என்றேன், பாட்டாச் செருப்பு. நோர்வேக்காரரும் எங்களைப் போலத்தான், வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் வீட்டுக்குள் கால் வைக்க விடமாட்டார்கள். காயவைக்க ஹீற்றரைத் தேடாமல், உள்ளே கடதாசியைக் கசக்கி அடைத்து வாசலிலேயே விடட்டும், ஈரத்தைக் கடதாசி இழுத்துக்கொள்ளும். அக்கா வீட்டு வாசல் சின்னது, பத்துச் சோடி கிடக்கும். யாருடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனான் என்று காலையில் தெரியவேண்டுமென்றால், பெயரை உள்ளே தமிழில் எழுதி விடட்டும்.